"எனக்கு ஒண்ணும் ஆகலை": தாமதமாக வெளிவரும் விபத்துக் காயங்களின் கதை

ரோட்டுல ஒரு ஆக்சிடென்ட். கீழே விழுந்தவர் எழுந்து, சட்டையில் இருக்கிற மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு சொல்ற முதல் வார்த்தை என்ன? "எனக்கு ஒண்ணும் ஆகலைங்க." சுத்தி நிக்கிறவங்களுக்கும் நிம்மதி. கூட்டம் கலைஞ்சிடும்.

இன்னைக்கு எபிசோடு அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான். டாக்டர்கள் அதை நம்பினாங்க. கம்பெனிகள் அதையே அவருக்கு எதிரா பயன்படுத்துனாங்க. அது எவ்வளவு ஆபத்தான வார்த்தைன்னு மருத்துவம் முழுசா புரிஞ்சுக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

கார் விபத்துக் காயங்களோட கதை கார்ல தொடங்கலை, ரயில்ல தொடங்குது. மனுஷ உடம்பு முதன்முதலா பெரிய வேகத்துல போய் சட்டுன்னு நின்னது அங்கதான்.

ஸ்டேபிள்ஹர்ஸ்ட், 1865

1865 ஜூன் 9. இங்கிலாந்தின் கென்ட் பகுதி. கடலோர ஊரான ஃபோக்ஸ்டனிலிருந்து லண்டனுக்கு ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. பிரான்சிலிருந்து வரும் கப்பலோடு இணைந்த ரயில் அது. கப்பல் கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்து வரும் என்பதால், ரயிலின் நேரமும் தினம் தினம் மாறும். ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை. மேஸ்திரி அன்றைய நேரத்தைத் தப்பாகப் படித்துவிட்டார். தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தபோதே ரயில் வந்துவிட்டது. எச்சரிக்கைக் கொடியோடு நின்றவரும் விதிப்படி நிற்கவேண்டிய தூரத்தில் ஏறக்குறைய பாதியில்தான் நின்றிருந்தார். பெட்டிகள் பாலத்திலிருந்து சரிந்தன. 10 பேர் இறந்தார்கள். 40 பேருக்குக் காயம்.

கவிழாமல் பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்த முதல் வகுப்புப் பெட்டியில் இருந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். ஆமாங்க, நாவலாசிரியர் டிக்கன்ஸ்தான். அவருக்குப் பெரிய காயம் எதுவும் இல்லை. வெளியே ஏறிவந்து, தன் தொப்பியில் தண்ணீர் மொண்டுவந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். கையிலிருந்த பிராந்தியையும் கொடுத்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் மறுபடியும் ஏறி, எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்துவந்தார். அந்த நேரத்தில் அங்கே அவரைவிட நிதானமான ஆள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனா கதை அதுக்கப்புறம்தான். சில நாளில் கை நடுக்கம் வந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் குரலே இல்லை. பிறகு பல வருஷம் ரயிலில் போகும்போது திடீரென்று நடுங்கி, இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வார் என்று அவருடைய பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். உடம்பில் வெட்டு இல்லை, எலும்பு முறிவு இல்லை. அப்படின்னா இது என்ன?

காந்தமும் சுத்தியலும்

அந்தக் காலத்தில் இந்தக் கேள்வி டிக்கன்ஸுக்கு மட்டும் இல்லை. ரயில் விபத்தில் தப்பித்து, தானே நடந்து வீட்டுக்குப் போனவர்கள், சில நாளோ சில வாரமோ கழித்து முதுகுவலி, மறதி, தூக்கமின்மை, கால் மரத்துப்போவது என்று டாக்டர்களிடம் வந்தார்கள். 1866இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் இதைப் பற்றித் தன் சொற்பொழிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். இந்தப் பிரச்சினைக்கு 'ரயில்வே ஸ்பைன்' என்ற பேர் நிலைத்தது. ரயில்வே முதுகெலும்புன்னு வெச்சுக்கலாம்.

எரிக்சன் சொன்ன உவமை சுவாரஸ்யமானது. ஒரு காந்தத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால், காந்தம் உடையாது. ஆனால் அதன் ஈர்ப்பு சக்தி போய்விடும். அதே மாதிரி, வெளியில் எந்த அடையாளமும் இல்லாமல் முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்பு அதிர்ந்து, மெதுவாக அழற்சி உண்டாகும் என்றார் அவர்.

பாதிக்கப்பட்டவங்களோட வக்கீல்களுக்கு இந்தப் புத்தகம் வரப்பிரசாதம். ரயில்வே கம்பெனிகளுக்குத் தலைவலி. நீதிமன்றத்தில் நஷ்டஈடு வழக்குகள் குவிந்தன. கம்பெனித் தரப்புக் கேள்வி எளிமையானது: "விபத்து நடந்த அன்னைக்கு நல்லாத்தானே இருந்தீங்க? நீங்களே நடந்துதானே போனீங்க?"

1883இல் பதில் புத்தகம் வந்தது. எழுதியவர் ஹெர்பர்ட் பேஜ். லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் மருத்துவர். முதுகுத்தண்டில் எந்தச் சேதமும் இல்லை, பெரும்பாலும் இது பயத்தால் வந்தது என்றார். நஷ்டஈடு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் நோயை நீட்டிக்கும் என்றார்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. எரிக்சன் அடிபட்டவங்க பக்கம் நின்னார். ஆனா அவர் சொன்ன முதுகுத்தண்டு விளக்கம் காலப்போக்குல நிக்கலை. பேஜ் கம்பெனி பக்கம். ஆனா பயமே ஒரு மனுஷனை நிஜமாகவே நோயாளி ஆக்கும்னு அவர் சொன்னது, மனம் சார்ந்த காயத்தை மருத்துவம் ஏத்துக்கிறதுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. டிக்கன்ஸுக்கு ரயிலில் வந்த நடுக்கத்தை இன்றைய டாக்டர்கள் பார்த்தால், விபத்துக்குப் பிந்தைய மன அழுத்த பாதிப்பு என்ற திசையில்தான் யோசிப்பார்கள்.

பேசிக்கொண்டே இறந்தவர்கள்

இந்தச் சண்டையெல்லாம் வலி, நடுக்கம், பணம் பற்றியது. இன்னொரு பக்கம், தாமதமாக வரும் காயம் ஆளையே கொன்றுகொண்டிருந்தது.

நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லிசு. அதன் உள்பக்கமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அடிபட்டு அங்கே எலும்பு விரிசல் விட்டால் அந்தக் குழாய் கிழியலாம். ரத்தம் எலும்புக்கும் மூளையின் தடித்த உறைக்கும் நடுவே சேரும். அந்த உறை எலும்போடு ஒட்டியிருப்பதால், ரத்தம் அதைப் பிரித்துக்கொண்டு இடம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவரை ஆள் தெளிவாகப் பேசுவார், டீ குடிப்பார், வீட்டுக்குப் போன் பண்ணுவார். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். "அசதியில தூங்கட்டும்"னு வீட்டுல விட்டுடுவாங்க. வாயில் மது வாடை இருந்தால், போதைன்னு நினைச்சு யாரும் கண்டுக்கவும் மாட்டாங்க.

மண்ணீரலும் இப்படித்தான். இடது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது. உள்ளே கிழிந்தாலும், மேலே இருக்கும் மெல்லிய உறை ரத்தத்தைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கும். சில நாள், சில நேரம் வாரங்கள் கழித்து அந்த உறை உடையும். 1932இல் இந்தத் தாமத ரத்தக்கசிவைப் பற்றி விரிவாக எழுதியவர் ஆர்ச்சிபால்ட் மெக்இண்டோ. பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் தீக்காயம்பட்ட விமானிகளுக்கு முகம் சீரமைத்துப் புகழ்பெற்ற அதே மெக்இண்டோதான்.

டாக்டர்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏன் காப்பாத்த முடியலை? உள்ளே பார்க்க வழி இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், கசியும் ரத்தம் தெரியாது. சந்தேகம் வந்தால் சில நேரம் மண்டையோட்டில் துளைபோட்டுத்தான் தேடவேண்டியிருந்தது.

1970களில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. கருவியை உருவாக்கியவர் இஎம்ஐ கம்பெனியின் இன்ஜினியர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 1979இல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

1974இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் ஓர் எளிய அளவுகோல் கொடுத்தார்கள். கண் திறக்கிறாரா, எப்படிப் பேசுகிறார், எப்படி அசைகிறார். மூன்றுக்கும் மதிப்பெண். இன்றைய கணக்கில் குறைந்தது 3, முழு மதிப்பெண் 15. இதோட அருமை என்னன்னா, ஒரு நர்ஸ் இதை ஒரு தடவை பார்த்து முடிச்சுட மாட்டாங்க, திரும்பத் திரும்பப் பார்ப்பாங்க. காலையில 15, மதியம் 13ன்னா உள்ளே ஏதோ நடக்குது. காயத்தை ஒரு போட்டோவா பார்க்காம, வீடியோவா பார்க்கக் கத்துக்கிட்டாங்க.

1975இல் அதே கிளாஸ்கோவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. தலையில் அடிபட்டு, பேசும் நிலையில் இருந்து, பிறகு இறந்தவர்களைப் பற்றியது. பேச முடிந்தது என்றால், முதல் அடியிலேயே மூளை மொத்தமும் நாசமாகிவிடவில்லை என்று அர்த்தம். பிறகு உள்ளே சேர்ந்த ரத்தம்தான் பலரைக் கொன்றது. அதாவது, அவங்கள்ல பலரைக் காப்பாத்தியிருக்கலாம்.

சாட்டையடி

இப்ப காருக்கு வருவோம். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹெரால்ட் குரோ என்ற எலும்பு மருத்துவர், கார் மோதலில் கழுத்து அடிபட்ட எட்டுப் பேரைப் பற்றிப் பேசும்போது 'விப்லாஷ்' என்றார். சாட்டை சொடுக்குவது மாதிரி கழுத்து வெட்டி இழுப்பதைச் சொன்னார். அசைவைத்தான் சொன்னார், அது நோயின் பேராகவே மாறியதில் பின்னாளில் அவருக்கே வருத்தம்.

பின்னாலிருந்து லேசா ஒரு இடி. பம்பர்ல கீறல்கூட இருக்காது. மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாது. பழைய கேள்வி மறுபடியும் வந்தது: "அன்னைக்கு நல்லாத்தானே இருந்தீங்க?" 1961இல் நியூகாசில் நரம்பியல் மருத்துவர் ஹென்றி மில்லர், விபத்துக்குப் பிறகு நஷ்டஈடு கேட்டு நீண்ட நாள் புகார் சொன்னவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பணம் கைக்கு வந்ததும் சரியாகிவிட்டார்கள் என்று எழுதினார். இன்சூரன்ஸ் தரப்புக்கு அது ரொம்ப நாள் கைகொடுத்தது. 1980களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொன்னன. தீர்ப்பு வந்த பிறகும் பலருக்கு வலி போகவில்லை, வேலைக்கும் திரும்ப முடியவில்லை.

இதற்கிடையே 1955லேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் கார்களை வேண்டுமென்றே மோதவிட்டு அளந்திருந்தார்கள். இடிபட்ட காரைவிட, உள்ளே இருப்பவரின் தலைக்கு அதிக முடுக்கம், அதுவும் ஒரு கணம் தாமதமாக. காருக்குச் சேதம் இல்லைங்கிறதால ஆளுக்கும் சேதம் இல்லைன்னு சொல்ல முடியாது. 1969 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் புதிய கார்களுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயமானது. நம்ம கார் சீட்ல தலைக்குப் பின்னாடி இருக்கிற அந்தத் திண்டு, சாய்ஞ்சு தூங்க வெச்சது இல்லைங்க.

சீட் பெல்ட்டும் ஒரு பாடம் கொடுத்தது. இடுப்பை மட்டும் கட்டும் பழைய பெல்ட் உயிரைக் காத்தது. ஆனால் மோதலில் அது வயிற்றுக்கு ஏறி, குடலில் காயம் உண்டாக்கலாம் என்று 1962இல் ஒரு கட்டுரை காட்டியது. பெல்ட் வேண்டாம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. தோளையும் சேர்த்துப் பிடிக்கிற மூணு முனை பெல்ட்டை வோல்வோவோட நில்ஸ் போலின் 1959லேயே கொடுத்துட்டார். ஆனா விபத்துக்குப் பிறகு வயித்துக்குக் குறுக்கே பெல்ட் தடம் சிவந்திருந்தா, டாக்டர்கள் இன்னைக்கும் அதை ஓர் எச்சரிக்கையாத்தான் எடுத்துக்கிறாங்க.

அப்ப நாம என்ன செய்யணும்?

இந்த நூத்தி அம்பது வருஷக் கதையில் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருது. கண்ணுக்குத் தெரியலைன்னா காயம் இல்லைன்னு முடிவு பண்றது. எரிக்சன் காலத்துல தெரியாதது பலதும் இன்னைக்கு ஸ்கேன்ல தெரியுது. கழுத்து வலியும் ராத்திரி பயமும் இன்னமும் பெரும்பாலும் எந்த ஸ்கேன்லயும் தெரியறதில்லை. அதனால அதெல்லாம் நடிப்புன்னு ஆகிடாது.

கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, கை கால் மரத்துப்போவது. விபத்துக்குப் பிறகு இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மூளையில் ரத்தம் வாரக்கணக்கில் மெதுவாகச் சேரலாம். அதனால் ஒரு மாசம் கழித்து தாத்தா தடுமாறினாலும், அன்று பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை டாக்டரிடம் சொல்லுங்க.

செலவை நினைச்சுத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்பு வரை, அரசே ஏற்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவாகியிருந்தால், பின்னால் வலி வரும்போது "அன்னைக்கு நல்லாத்தானே இருந்தீங்க?" என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு காகிதமும் இருக்கும்.

அடுத்த தடவை ரோட்டுல யாராவது எழுந்து நின்னு "எனக்கு ஒண்ணும் ஆகலை"ன்னு சொன்னா, "சரிங்க, இருந்தாலும் ஒரு தடவை காட்டிட்டுப் போயிடலாம்"னு சொல்லுங்க. கூடவே போங்க. அன்னைக்கு ராத்திரி ஒரு போன் பண்ணியும் கேளுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.