கிறிஸ்துமஸும் அஞ்ஞான மூலமும்: தாம்பரத்தில் வாழும் இரண்டு விடைகள்

கிறிஸ்துமஸ் பண்டிகை ரோமர்களின் அஞ்ஞான விழாக்களிலிருந்து தோன்றியது, எனவே கிறிஸ்தவர்கள் அதைக் கொண்டாடலாகாது என்பது கிறிஸ்தவ சபைகள் சிலவற்றின் உறுதியான நிலைப்பாடு. 'அஞ்ஞானம்' என்ற சொல்லுக்கு இங்கு அறியாமை என்று பொருளன்று. கிறிஸ்தவம் அல்லாத பழைய சமய வழக்கங்களைக் குறிக்கத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த சொல் அது.

சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரத்தில் இக்கேள்விக்கான இரண்டு விடைகளும் அருகருகே வாழ்கின்றன. டிசம்பர் பிறந்ததும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வீட்டு வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்குகின்றன. இளைஞர்கள் கீதபவனி செல்கின்றனர். ஆலயங்களில் குடில் அமைக்கப்படுகிறது. ஆனால் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் தலைமையகம் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடப்படுவதில்லை. அண்ணன் சி.எஸ்.ஐ. சபையிலும் தம்பி பெந்தெகொஸ்தே சபையிலும் இருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் அரிதல்ல. அத்தகைய குடும்பத்தில், அண்ணன் வீட்டுப் பண்டிகைப் பலகாரத்தைத் தம்பி வீட்டார் வாங்கிக்கொள்ளலாமா என்பது வரை இக்கேள்வி நீள்கிறது.

தமிழ்நாட்டில் இதே கேள்வி கிறிஸ்துமஸைக் குறித்து எழுவதற்கு முன்பே பொங்கல், தாலி, திருநீறு ஆகியவற்றைக் குறித்து எழுந்துவிட்டது. பிந்தையதை எடைபோட முந்தையதையும் அறிய வேண்டும்.

டிசம்பர் 25: சான்றுகள் கூறுவது

இயேசு பிறந்த நாளையோ மாதத்தையோ புதிய ஏற்பாடு குறிப்பிடவில்லை. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் அவருடைய பிறப்பு ஒரு திருநாளாகக் கொண்டாடப்பட்டதற்குச் சான்று இல்லை. டிசம்பர் 25 என்ற தேதி தெளிவாகக் காணப்படும் மிகப் பழைய ஆவணம், ரோமாபுரியில் கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூல். அதிலுள்ள இரத்தசாட்சிகள் பட்டியல் கி.பி. 336ஐச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாள் என்று அப்பட்டியல் டிசம்பர் 25ஐக் குறிக்கிறது.

அதே நூலின் மற்றொரு பகுதி, அதே நாளை 'வெல்லப்படாதவனின்' பிறந்த நாள் என்று குறித்து, அன்று 30 தேரோட்டப் பந்தயங்கள் நடந்ததாகக் கூறுகிறது. 'வெல்லப்படாத சூரியன்' என்ற ரோமத் தெய்வத்தைக் குறிக்கும் பட்டம் அது. பேரரசர் அவுரேலியன் கி.பி. 274இல் அத்தெய்வத்துக்கு ரோமாபுரியில் கோயில் எடுத்தார். இதைக் கொண்டே, சூரிய விழாவின் இடத்தில் கிறிஸ்துமஸ் வைக்கப்பட்டது என்ற கருத்து உருவாயிற்று. ஆனால் சூரிய விழா டிசம்பர் 25இல் நடந்ததற்கான மிகப் பழைய சான்றும் இதே நூல்தான். இரண்டில் எது முந்தியது என்பதை இந்நூலை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

சாட்டர்னாலியா என்னும் ரோம விழாவும் மூலமாகச் சொல்லப்படுவதுண்டு. அது டிசம்பர் 17இல் தொடங்கி 23 வரை நீண்ட விழா. விருந்து, பரிசு வழங்குதல் போன்றவற்றில் ஒற்றுமை உண்டு, தேதி ஒன்றல்ல.

வேறொரு விளக்கமும் உள்ளது. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாள் மார்ச் 25 என்று கணக்கிட்டார். இயேசு கருவில் உருவானதும் அதே தேதியில்தான் என்ற நம்பிக்கை பின்னர் பரவியது. மார்ச் 25இலிருந்து 9 மாதங்களை எண்ணினால் டிசம்பர் 25 வருகிறது. இவ்விளக்கத்தின்படி தேதி சபையின் உள்ளிருந்தே பிறந்தது.

பாபிலோனிய நிம்ரோதின் பிறந்த நாளே கிறிஸ்துமஸ் என்ற கூற்றையும் பலர் கேட்டிருக்கலாம். இத்தகைய கூற்றுகளைப் பரப்பியதில் பெரும்பங்கு 'இரண்டு பாபிலோன்கள்' என்ற நூலுக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் சுயாதீன சபைப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் அதை 1850களில் எழுதினார். நிம்ரோது டிசம்பர் 25இல் பிறந்ததாகக் கூறும் பண்டைய ஆவணம் எதுவும் இல்லை.

கொண்டாட மறுத்த சபைகள்

கிறிஸ்துமஸை மறுப்பது பெந்தெகொஸ்தே சபைகளின் புதுமையன்று. ஸ்காட்லாந்தின் சீர்திருத்தச் சபை 1560இலேயே வேதாகமத்தில் கட்டளையிடப்படாத திருநாட்களை நீக்க வேண்டும் என்று கூறி, அவற்றுள் கிறிஸ்துமஸையும் சேர்த்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸைத் தடை செய்தது. 1660இல் மன்னராட்சி மீண்டபோது பண்டிகையும் மீண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு 5 ஷில்லிங் அபராதம் விதிக்கும் சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இக்கண்டிப்பு தளர்ந்தது. எனினும் அங்கு கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல்தான்.

தாம்பரத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் வேர், ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளி. அதைக் கல்லூரியாக வளர்த்த வில்லியம் மில்லர், ஹிஸ்லப் சேர்ந்திருந்த அதே சுயாதீன சபையின் மிஷனரி. தாம்பரத்தின் பெயர்பெற்ற கிறிஸ்தவ நிறுவனத்துக்கு வித்திட்டவர்கள், கிறிஸ்துமஸைத் தள்ளிவைத்த ஒரு மரபிலிருந்து வந்தவர்கள்.

இரும்புலியூர்ச் சபை இலங்கையில் 1920களில் தோன்றியது. கேரளத்தில் பிறந்த ராமன்குட்டி என்ற போதகர் பால் அதை நிறுவினார். 'சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்' என்பது அதன் முந்தைய பெயர். இச்சபையின் ஊழியர்கள் திருமணம் செய்துகொள்வதில்லை; விசுவாச வீடுகளில் கூடி வாழ்கின்றனர். வெள்ளுடை, நகை அணியாமை ஆகியவை இச்சபையின் அடையாளங்கள். இயேசு தம் பிறப்பைக் கொண்டாடும்படி கட்டளையிடவில்லை, அப்போஸ்தலர்களும் கொண்டாடவில்லை என்பது கிறிஸ்துமஸை மறுப்போர் பொதுவாகக் காட்டும் முதல் காரணம். அஞ்ஞான மூலம் அடுத்த காரணம்.

தமிழ்நாட்டின் பழைய வழக்கு

ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக அடையாளங்கள் என்றும், நோக்கத்தை மாற்றினால் கிறிஸ்தவர்களும் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றும் வாதிட்டார். பொங்கலன்று சிலுவையின் அடியில் புத்தரிசியைப் பொங்கவிடத் தம் மக்களுக்கு அனுமதி தந்தார். சக மிஷனரிகள் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623இல் நொபிலியின் முறைக்கு நிபந்தனைகளுடன் இசைவளித்தார். நொபிலி தம் இறுதிக் காலத்தை மயிலாப்பூரில் கழித்து 1656இல் மறைந்தார்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, சாணச் சாம்பலாலான திருநீறு, திருமணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது, பெண் பூப்படைந்ததைக் கொண்டாடுவது முதலியவற்றை அது விலக்கியது. 1744இல் 14ஆம் பெனடிக்ட் இத்தடைகளை உறுதி செய்தார். தடைகளைக் கடைப்பிடிப்போம் என்று மிஷனரிகள் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. 1940இல்தான் அது நீக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் பல கத்தோலிக்க ஆலய வளாகங்களில் பொங்கல் வைக்கப்படுகிறது.

தூர்னோனின் ஆணையில் மற்றொரு கூறும் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளுக்கு அருட்சாதனங்கள் வழங்க மறுக்கக் கூடாது என்று அது மிஷனரிகளுக்குக் கட்டளையிட்டது. 'உள்ளூர் வழக்கம்' என்ற பெயரில் சாதியும் சபைக்குள் பாதுகாக்கப்பட்டு வந்ததை இது காட்டுகிறது. சீர்திருத்தச் சபைகளிலும் இதே சிக்கல் இருந்தது. சபையில் சாதி வேறுபாடு முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் அறிவித்தபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலத்த எதிர்ப்பு எழுந்தது.

1938: தாம்பரம் மாநாடு

பிற சமயங்களையும் பண்பாடுகளையும் கிறிஸ்தவம் எவ்வாறு அணுக வேண்டும் என்ற வினா, 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மையப் பொருளாயிற்று. சீனாவில் நடக்கவிருந்த அம்மாநாடு, சீன-ஜப்பானியப் போரின் காரணமாகத் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. பல நாடுகளிலிருந்து 470 பேருக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தனர்.

கிறிஸ்துவின் வெளிப்பாடு வேறு, மனிதரின் சமயங்கள் வேறு என்று டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் வாதிட்டார். பிற சமயத்தவரின் வாழ்விலும் உண்மையான இறைநம்பிக்கை உண்டு என்று அதே கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய ஏ. ஜி. ஹாக் மறுமொழி கூறினார். பி. செஞ்சய்யா, வி. சக்கரை முதலிய சென்னைச் சிந்தனையாளர்கள் அதே ஆண்டில் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் கிரேமரின் கருத்தை எதிர்த்தனர். இந்தியக் கிறிஸ்தவத்தை மேலைநாட்டுச் சபை வடிவங்களுக்குள் அடைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

ஒரே அளவுகோல்

அஞ்ஞான மூலம் உள்ள அனைத்தையும் விலக்க வேண்டும் என்றால், தமிழ்க் கிறிஸ்தவர் நட்சத்திரத்தோடு நிறுத்த முடியாது. அவர் ஆராதனைக்குச் செல்லும் ஞாயிற்றுக்கிழமையின் பெயரே சூரியனுடையது. வேதம், ஜெபம், பலி, ஆராதனை ஆகியவை அவருக்கு முன்பே பிற சமயத்தார் வழங்கிய சொற்கள். இச்சொற்கள் இன்றி இரும்புலியூரிலும் வழிபாடு நடைபெறாது. சொற்களின் பழைய பொருள் மாறிப் புதிய பொருள் நிலைத்திருக்கிறது என்பதை அனைவரும் ஏற்கின்றனர்.

மறுபுறம், நட்சத்திரம் கட்டிக் குடில் அமைக்கும் குடும்பங்களுள் சில, பொங்கலை 'அஞ்ஞானப் பண்டிகை' என்று ஒதுக்குகின்றன. ரோமாபுரியின் சூரியனுக்குக் கிடைத்த மன்னிப்பு தைத்திங்கள் சூரியனுக்குக் கிடைக்கவில்லை. இதற்கு வலுவான ஒரு சமாதானம் உண்டு: ரோமச் சூரியனை வழிபடுவோர் இன்று இல்லை, பொங்கலன்று சூரியனை வழிபடுவோர் அடுத்த வீட்டிலேயே இருக்கின்றனர். இது நியாயமான வேறுபாடுதான். ஆனால் இதை ஏற்றவுடன் வாதம் மூலத்திலிருந்து விலகி, இன்று அச்செயல் யாரை நோக்கிச் செய்யப்படுகிறது என்பதற்கு வந்துவிடுகிறது. நொபிலி சிலுவையின் அடியில் பொங்கல் வைக்கச் சொன்னது இந்த அடிப்படையில்தான். அதே அளவுகோல் கிறிஸ்துமஸுக்கும் பொருந்தும். சாதியைச் சபை விலக்க வேண்டியதற்குக் காரணமும் அதன் பழைய மூலமன்று. இன்று அது மனிதரைப் பிரிக்கிறது என்பதே.

கிறிஸ்துமஸைத் தவிர்ப்போருக்கு மூலத்தைச் சாராத வேறொரு அடிப்படை இருக்கிறது. வேதாகமத்தில் கட்டளை இல்லாததைச் செய்யமாட்டோம் என்ற கொள்கை அது. நகையையும் விலக்கி எளிமையாக வாழும் ஒரு சபை இக்கொள்கையைக் கடைப்பிடிக்கும்போது அதில் முரண் இல்லை. நிம்ரோது கதையை அவர்கள் துணைக்கு அழைக்கத் தேவையும் இல்லை.

ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், நாட்களை விசேஷித்துக் கொள்பவரும் கொள்ளாதவரும் ஒரே சபையில் இருந்ததைப் பவுல் எதிர்கொள்கிறார். அவர் தேதியை ஆராயவில்லை. ஒவ்வொருவரும் தம் மனதில் நிச்சயம் பெற்றிருக்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்றும் கூறுகிறார். உணவைக் குறித்தும் அதே அதிகாரத்தில் அதே அறிவுரைதான். தம்பி கிறிஸ்துமஸ் கொண்டாடாமல் இருக்கலாம். அண்ணன் கொடுத்தனுப்பும் பலகாரத்தைத் திருப்பி அனுப்ப அது காரணமாகாது. கொண்டாடாத தம்பியை விசுவாசம் குறைந்தவர் என்று சொல்ல அண்ணனுக்கும் உரிமை இல்லை.