சார் ஆட்சியின் வீழ்ச்சியும் பெட்ரோகிராட் ஆலைத் தொழிலாளரும்

உருசிய நாட்டுச் சார் மன்னன் 1917-ஆம் ஆண்டில் வீழ்ந்த செய்தியைத் தமிழ் கற்பார் பலர் பாரதியாரின் 'புதிய ருஷியா' என்னும் பாட்டின் வழியே முதற்கண் அறிவர். அவ்வீழ்ச்சியைப் பராசக்தியின் அருளால் விளைந்ததாக அப்பாட்டுக் காண்கின்றது. உழவர் உற்ற துயரையும் எடுத்துரைக்கின்றது. ஆலைத் தொழிலாளர் அதன்கண் இடம்பெற்றிலர். தொலைவிலிருந்து பாடிய புலவரிடம் அதனை எதிர்பார்த்தல் முறையன்று. ஆயின், தலைநகராகிய பெட்ரோகிராடில் மன்னனை வீழ்த்திய கிளர்ச்சியை நடத்தியவர் யாவர் என்னும் வினா வரலாறு கற்பார்க்கு எழாமற் போகாது.

தலைவர் எவருமின்றித் தானே எழுந்த கிளர்ச்சி அது என்பது ஆசிரியர் சிலர் கொள்கை. இதனை முற்றும் தள்ளுதற்கில்லை. இலெனின் அப்போது சுவிட்சர்லாந்தில் இருந்தார். பழைய உருசிய நாட்காட்டி நம் நாட்காட்டிக்கு 13 நாள் பிற்பட்டது. அதன்படி பிப்ரவரி 22-இல் புட்டிலோவ் பொறித்தொழிற்சாலை கதவடைக்கப்பட்டது. மறுநாள் அனைத்துலக மகளிர் நாள். ரொட்டி கிடையாது மனம் வெதும்பிய வைபோர்க் பகுதிப் பஞ்சாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியேறினர். அப்பகுதியின் போல்சுவிக் அமைப்பாளராகிய கயூரோவ் என்னும் தொழிலாளி, வேலைநிறுத்தம் வேண்டா என்று முதல்நாள்தான் அவர்களிடம் வற்புறுத்தியிருந்தார். செய்தி கேட்டுச் சினந்தார். இதனை அவரே தம் நினைவுக் குறிப்பில் மறையாது எழுதியுள்ளார். தம் கட்சியின் புகழ் பாடப் புகுந்தவர் பலர் விட்டுவிடும் செய்தி இது. ஆதலின் அவர் சான்றை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

எனினும், வெளியேறிய பெண்கள் வீடு திரும்பாமல் அண்மையிலிருந்த பொறித்தொழிற்சாலைகளின் வாயிலுக்குச் சென்று ஆடவரை வெளியே அழைத்தனரே, அம்முறையை அவர்கள் எங்குக் கற்றனர்? ஓர் ஆலையினர் வேறோர் ஆலைக்குச் சென்று அழைத்தல் அந்நகரில் ஆண்டுக்கணக்காகப் பயின்று வந்த வழக்கம். 1904-ஆம் ஆண்டின் இறுதியில் புட்டிலோவ் தொழிலாளர் நால்வர் நீக்கப்பட்டமையே, 1905 சனவரி 9-ஆம் நாள் அரண்மனை நோக்கிச் சென்றோர் சுடப்பட்ட பெருங்கொடுமைக்குத் தோற்றுவாய். அன்று தொழிலாளரை அழைத்துச் சென்ற கபோன் பாதிரியாரின் கழகம் காவல் துறையின் இசைவோடு நடந்தது என்பது நகைப்பிற்கிடமான செய்தி. அவ்வாண்டு அக்டோபரில் 500 தொழிலாளர்க்கு ஒருவர் என்னும் கணக்கில் பேராளர் கூடிச் சோவியத்து மன்றம் அமைத்தனர். 1906-இல் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட இசைவு கிடைத்தது; பின்னர் அவை நசுக்கப்பட்டன. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட நோயுதவி நிதிக் குழுக்களில் தொழிலாளரின் பேராளரும் இருந்தனர். அமைப்பாளர் பலர்க்கு அவை புகலிடமாயின. ஆகவே, ஈண்டுத் தொழிற்சங்கம் என்றவுடன் அலுவலகமும் பதிவேடும் உடைய நிலையத்தை எண்ணிவிடுதல் கூடாது. கடைசல் எந்திரத்தின் அருகில் நின்று வேலை செய்துகொண்டே பேசியவரே அங்கு அமைப்பாளர். அன்றைய நாளில் அவர் தயங்கினார். அவர் பல்லாண்டு பயிற்றிய பழக்கம் தயங்கவில்லை. எம் கருத்து இதுவே.

25-ஆம் நாள் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். ஆயினும் இவர்களால் மட்டுமே ஆட்சி வீழ்ந்தது என்று கூறுதல் மிகையாகும். 26-இல் மக்களைச் சுட்ட வொலின்சுகிப் படைப்பகுதி 27-ஆம் நாட்காலை தன் மேலலுவலருக்கு எதிராகத் திரும்பியிராவிடின் முடிவு வேறாகியிருக்கும். அன்றே சிறைக்கதவுகள் திறக்கப்பட்டன. சனவரியில் சிறைப்பட்ட குவோசுதேவ் முதலிய தொழிலாளர் தலைவர்கள் நேரே தவுரிதா அரண்மனை சென்று சோவியத்தைக் கூட்டுவதில் ஈடுபட்டனர். 1905-ஆம் ஆண்டு வழக்கத்தை ஒட்டி ஆலைதோறும் பேராளர் தேர்வாயினர். கணக்கு மட்டும் மாறிற்று: 1,000 தொழிலாளர்க்கு ஒருவர், படைவீரர்க்கோ சிறு படைக்கூட்டம் ஒவ்வொன்றிற்கும் ஒருவர். இதனால் அம்மன்றத்தில் படைவீரர் தொகையே மிக்கது. தொழிலாளர் தொடங்கிய கிளர்ச்சியின் மன்றத்தில் அவரே சிறுபான்மையினர் ஆயினமையை ஆய்வாளர் கருதுதல் வேண்டும்.

மார்ச்சு 2-இல் மன்னன் முடி துறந்தான். 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் சங்கம் சோவியத்துடன் உடன்பாடு செய்து, எட்டு மணி நேர வேலைநாளையும் ஆலைக்குழுக்களையும் ஏற்றது. அதற்கு முன்னரே ஆலைகள் பலவற்றில் தொழிலாளர் எட்டு மணி முடிந்ததும் கருவிகளை வைத்துவிட்டு வெளியேறத் தொடங்கியிருந்தனர்.