ஏற்றத்தில் தோற்ற சைக்கிள்

யாழ்ப்பாணத்தின் தட்டையான வீதிகளை ஆண்ட சைக்கிள், அட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேரூன்றவில்லை. தொழிலாளரின் கூலி அதற்கு ஒரு காரணம். லயம், கொழுந்து பறிக்கும் மலை, ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலை என எல்லாமே நடைதூரத்தில் இருந்தது இன்னொன்று. ஆனால் குதிரையும் பின்னர் மோட்டார் சைக்கிளும் வைத்திருந்த தொரைமாரும் மிதிக்க முன்வராததற்குக் கியரில்தான் விடை இருக்கிறது.

1885இல் ரயில் நுவரெலியாவுக்கு அருகிலுள்ள நானுஓயாவை எட்டியது. செயினால் பின்சில்லை ஓட்டும் ஸ்டார்லியின் 'ரோவர்' சைக்கிள் இங்கிலாந்தில் வந்ததும் அதே ஆண்டில்தான். ரயில் பாதையின் ஏற்றத்தை 44 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குள் அடக்குவதற்காகப் பாதையை மலைச்சரிவுகளில் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதிக்கு அந்தத் தயவு கிடையாது.

பழைய ஒற்றைக் கியர் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சில்லு என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒருமுறை சுற்ற வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். சமவெளியில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அலுப்பில்லாத வேகம். 20 அடிக்கு ஓர் அடி உயரும் வீதியில் சாதாரண உடல்வலுவான 100 வாட்டைக் கொண்டு மணிக்கு ஏழரை கிலோமீட்டர்தான் நகரலாம். அப்போது பெடல் நிமிடத்துக்கு 23 சுற்றுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் நொந்துபோகும். இறங்கித் தள்ளுவதே புத்தி. விசித்திரம் என்னவென்றால், ரயில் பாதையின் சரிவில் வீதி இருந்திருந்தால் அதே ஆள் 40 சுற்றுக்கு மேல் மிதித்து ஏறியிருப்பார்.

தீர்வு ஐரோப்பாவில் முன்பே இருந்தது. 1902இல் ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப் காப்புரிமை பெற்றது. பிரான்சில் போல் தெ விவி பல கியர்களுக்காக வாதாடினார். டூர் த பிரான்ஸ் பந்தயமோ செயின் மாற்றும் கியரை 1937 வரை வீரர்களுக்கு மறுத்தது. வீம்பு என்றுதான் சொல்லவேண்டும்.

ஆய்வுகூட அளவீடுகளின்படி மிதமான வேலைக்கு நிமிடத்துக்கு 50, 60 சுற்றில்தான் உடலின் செலவு குறைவு. பழகிய ஓட்டுநர்கள் 80, 90 சுற்றையே விரும்புகிறார்கள். தசைக்கு விழும் பாரம் அதில் குறைகிறது. முன்னும் பின்னும் 34 பல் கொண்ட இன்றைய கியரில் அதே ஏற்றத்தை, அதே வலுவில், 60 சுற்றில் ஏறலாம். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்து வலுவும் இறங்குவதால் கொழும்பில் பழகியவர் அங்கே இன்னும் ஒரு கியர் இறக்கித்தான் மிதிக்க வேண்டும்.