கப்பலா, விமானமா: நம் ஊர்ச் சரக்கின் பழைய கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். காபியை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் புத்தம்புதுக் கார்கள் சரக்கு ரயிலில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வடக்கே போகிற காருக்கு நம் ஊரே ஏற்றுமிடம். ஆனால் அதே காருக்குள் இருக்கும் ஒரு சிறு புஷ்ஷோ பிராக்கெட்டோ வெளிநாடு போக வேண்டுமென்றால் கதை வேறு. ஒரகடத்தில் சின்னதாக சிஎன்சி பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "ஜெர்மனியிலிருந்து முதல் ஆர்டர் வந்திருக்கு ஐயா. கப்பல்ல போட்டா ஒரு மாசத்துக்கு மேல ஆகும்கிறாங்க. ஏர்ல போட்டா லாபம் பூரா வாடகைக்கே போயிடும். எதுல அனுப்பறது?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று அவருக்கே ஒரு கூச்சம். இதைவிட வரலாற்றுக் கேள்வி வேறு கிடையாது. இந்தச் சீமையில் முன்னூறு வருஷமாகக் கேட்டுவரும் கேள்விதான் இது. சரக்கு மட்டும் மாறியிருக்கிறது.

அப்போது சரக்கு துணி. காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் நெய்த துணி வண்டியேறிச் சென்னைக் கோட்டைக்குப் போகும். அங்கிருந்து லண்டனுக்குக் கப்பல். இங்கேதான் சிக்கல். சென்னைக்கு அப்போது துறைமுகமே இல்லை. கப்பல் கரையிலிருந்து வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் ஓயாமல் உடையும் அலை. அந்த அலையைத் தாண்டச் சரக்கை மசூலா படகில் ஏற்றுவார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். நம் மீனவர்களின் அந்த அறிவு இல்லையென்றால் கம்பெனிக்கு வியாபாரமே இல்லை. ஆனாலும் மூட்டை நனையும், சில சமயம் படகே கவிழும். ஆயிரக்கணக்கான மைல் போகப்போகிற சரக்குக்குப் பெரிய கண்டம் முதல் ஒரு மைலிலேயே காத்திருந்தது.

பருவமும் ஒரு கண்டம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் நடுவில் கப்பல்கள் சென்னைக் கரையை விட்டு விலகிவிடும். அதற்குள் துணி வந்து சேராவிட்டால் அடுத்த கப்பலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். முன்பணம் வாங்கிய நெசவாளி கடனோடு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு டிஸ்பேட்ச் பிரிவில் "கட்-ஆஃப் தாண்டிப் போச்சு" என்று தலையில் கை வைக்கிறீர்களே, அதே நிலைமைதான்.

1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புத் தூண் பாலம் வந்தது. 1870-களில் இரண்டு கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், புயல் வந்து உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாசலின் திசையையே மாற்றி, இன்று நாம் பார்க்கும் துறைமுகத்துக்கு அடித்தளம் போட்டார். இடையில் ஒரு துணுக்கு: சென்னையில் பதிவான முதல் காரின் எண் எம்.சி. 1, அது இந்த ஸ்பிரிங் துரையுடையது என்பார்கள். கார் வரக் கரையைக் கட்டியவருக்கே முதல் எண்.

பிறகு கார்கள் துண்டு துண்டாக, மரப்பெட்டிகளில் வந்தன. சுதந்திரத்துக்கு முன்பே ஃபோர்டு கம்பெனி சென்னையில் கார் பூட்டியது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 காரை இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டியது. அதுதான் பின்னாளில் அசோக் லேலண்ட். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெட்டியையும் ஆள் வைத்துத் தூக்கி, வலையில் கட்டி, கப்பலின் வயிற்றிலிருந்து இறக்க வேண்டும். ஒரு கப்பல் காலியாகப் பல நாள் ஆகும். பெட்டி உடைவதும் திருடு போவதும் சகஜம்.

அதை மாற்றியது ஓர் இரும்புப் பெட்டி. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை ஒரு டன் சில்லறைச் சரக்கை ஏற்ற 6 டாலரை ஒட்டிச் செலவு. பெட்டியில் ஏற்றியபோது 16 சென்ட். கப்பலின் வேகம் கூடவில்லை, கடல் சுருங்கவில்லை. மலிவானது கரையில் ஆகும் வேலைதான். இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பல் 1973-ல் கொச்சிக்கு வந்தது. கன்டெய்னருக்கென்றே தனி முனையம் நாட்டிலேயே முதலில் சென்னையில்தான், 1983-ல்.

இது நடந்திராவிட்டால் 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். கொரியாவிலிருந்து பாகங்கள் தவறாமல் வர வேண்டும், இங்கிருந்து கார்கள் தவறாமல் போக வேண்டும். துறைமுகம் பக்கத்தில் இல்லாமல் அது ஆகாது. பின்னாலேயே ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. அதற்கு முன்பே நம்மவர்கள் ஒரு பாதை போட்டிருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரேடியேட்டர் மூடி தயாரிப்பைக் கைவிட்டபோது, சென்னை சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் அந்த இயந்திரங்களை வாங்கி இங்கே கொண்டுவந்து நிறுவி, அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு மூடி செய்து அனுப்பியது. சிறிய பொருள், மாதந்தோறும் ஒரே மாதிரி தேவை, கெட்டுப்போகாது. கப்பலுக்கென்றே பிறந்த சரக்கு.

இதே சாலையில் இதற்கு நேர் எதிரான சரக்கும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா செய்த போன்கள் விமானத்தில் பறந்தன. 2025 வசந்தத்தில், அமெரிக்கா வரி ஏற்றப்போகிறது என்றதும், சென்னையிலிருந்து சுமார் 600 டன் ஐபோன்கள் தனி விமானங்களில் போனதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. கைக்குள் அடங்கும் பொருளுக்குள் பல்லாயிரம் ரூபாய். வாடகை அதில் தெரியவே தெரியாது. இரும்பு புஷ்ஷுக்கு அது கட்டுமா?

வகுப்பில் போடுவதுபோல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 செ.மீ. நீளம், 80 அகலம், 100 உயரம் உள்ள ஒரு பெட்டி. விமானக் கம்பெனி மூன்றையும் பெருக்கி 6000-ஆல் வகுக்கும். 160 கிலோ வரும். இது கன அளவு எடை. உண்மை எடை, கன அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. பெட்டிக்குள் 30 கிலோ பிளாஸ்டிக் பம்பர் இருந்தால், 30-க்கு இல்லை, 160-க்குக் காசு கட்ட வேண்டும். 700 கிலோ இரும்பு புஷ் இருந்தால் 700-க்கும் கட்ட வேண்டும். கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது கணக்கு வேறு. அங்கே 1 கன மீட்டரும் 1000 கிலோவும் சமம். நம் பெட்டி 0.96 கன மீட்டர். பம்பரானாலும் இரும்பானாலும் ஏறக்குறைய ஒரே வாடகை! ஆகவே கனத்த இரும்பு வைத்திருப்பவருக்குக் கப்பல்தான் சொந்தக்காரன். (கூரியர் கம்பெனிகள் 5000-ஆல் வகுப்பார்கள். அது இன்னும் கூடுதல். பெட்டிக்குள் காற்றை அனுப்பாதீர்கள்.)

அப்படியானால் ஒரகடத்திலிருந்து ஏன் அத்தனை அவசரச் சரக்கு மீனம்பாக்கத்துக்கு ஓடுகிறது? எதிர்முனையில் இருக்கும் தொழிற்சாலை கையிருப்பு வைப்பதில்லை. ஒரு புஷ் வரவில்லையென்றால் முழு லைனும் நிற்கும். தாமதம் உங்களால் என்றால் விமான வாடகையும் உங்கள் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். சிறு பட்டறைகள் அடிவாங்குவது இங்கேதான். இரண்டு அவசர ஏற்றுமதி, அந்த வருட லாபம் காலி. ஆர்டரில் விலையைப் படிக்கும்போதே அந்த வரியையும் படித்துவிடுங்கள்.

கப்பல் போகும் நாட்களைப் பார்த்து மட்டும் கணக்குப் போடுகிறவர்களும் ஏமாறுவார்கள். சென்னையிலிருந்து போகும் பெட்டிகளில் பல, சிறு கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய் அங்கே பெரிய கப்பல் மாறும். அங்கே இணைப்பு தவறினால் ஒரு வாரம் போச்சு. அதற்கும் முன்னால் நம் கரை. சென்னைத் துறைமுகம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. வடசென்னையில் கன்டெய்னர் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்ற வருடங்களை மறந்திருக்க மாட்டீர்கள். துறைமுகம்-மதுரவாயல் மேம்பாலத்துக்கு 2009-ல் அடிக்கல் நாட்டி, 2012-ல் வேலை நின்று, 2022-ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். ஐரோப்பாவுக்கு 4 வாரம் போகும் பெட்டி, திருவொற்றியூரில் 2 நாள் நின்றதுண்டு. மசூலா படகுக்காரர் சிரித்திருப்பார். அதனால்தான் எண்ணூரும் காட்டுப்பள்ளியும் வளர்ந்தன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தபின், நம் வண்டலூர்-வாலாஜாபாத் சாலையிலிருந்து ஊருக்குள் நுழையாமலே அந்தத் துறைமுகங்களுக்குப் போக முடிகிறது. ஃபார்வர்டரிடம் வாடகை கேட்கும்போது எந்தத் துறைமுகம் என்றும் கேளுங்கள்.

எஃப்.ஓ.பி. என்ற மூன்றெழுத்தையும் யோசிக்காமல் எழுதாதீர்கள். சர்வதேச வர்த்தக சபை 1936-ல் இந்தச் சொற்களுக்கு முதல் விதிநூல் போட்டது. சரக்கு கப்பலின் விளிம்பைத் தாண்டும்வரை பொறுப்பு விற்பவருக்கு, தாண்டியபின் வாங்குபவருக்கு என்பது பழைய பொருள். 2010 பதிப்பிலிருந்து விளிம்பு போய், கப்பலில் ஏற்றி வைக்கும்வரை என்றானது. பெட்டியைக் கையால் ஏற்றிய காலத்துக்கு அது சரி. இன்று நீங்கள் கன்டெய்னரை யார்டில் ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு, அது கப்பலேறப் பல நாள் ஆகலாம். அந்த நாட்களில் புயலோ வெள்ளமோ வந்தால் நஷ்டம் உங்களுடையது. கன்டெய்னருக்கு எஃப்.சி.ஏ. எழுதுங்கள் என்று அந்த விதிநூலின் விளக்கமே சொல்கிறது. யார்டில் ஒப்படைத்ததோடு பொறுப்பு கைமாறிவிடும். நம்மூரில் இன்னமும் பழக்கத்தில் எஃப்.ஓ.பி. என்றே போடுகிறார்கள்.

விமானத்துக்குக் கரை இல்லையா என்றால், உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் ஓடுபாதையில் தண்ணீர் நின்று பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். அதோடு சில பாகங்களை விமானம் எளிதில் ஏற்காது. ஏர்பேக், சீட் பெல்ட் இழுவைக் கருவி, டிக்கிக் கதவைத் தாங்கும் வாயுக் குழாய், பேட்டரி, பெட்ரோல் வடிக்காத பழைய இன்ஜின், எல்லாம் அபாயச் சரக்குப் பட்டியலில் வரும். தனிப் பத்திரம், தனிப் பொதி. மறைத்து அனுப்புவது குற்றம்.

கடலே சதி செய்த நாட்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் அடைத்தது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஹூதிகள் தாக்கத் தொடங்க, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. 10 நாளிலிருந்து 14 நாள் கூடுதல். 1869-ல் சூயஸ் திறந்தபோது மிச்சமான பயணம் திரும்பி வந்துவிட்டது. அப்போது சிலர் துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம் என்று கலந்து அனுப்பினார்கள். விலையும் நாளும் இரண்டுக்கும் நடுவில். பலருக்குத் தெரியாத நல்ல வழி.

மாணவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மாதிரிப் பாகங்கள் விமானத்தில் போகட்டும். முதல் லாட்டைக் கப்பலில் அனுப்பி, அது போய்ச் சேரும்வரை தாங்கும் அளவுக்கு அங்கேயே ஒரு கிடங்கில் இருப்பு வைக்கும்படி பேசு. அந்தக் கிடங்கு வாடகை, ஒரு அவசர விமானத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரும்புக்குத் துருத்தடுப்புத் தாள் சுற்று. கடலில் பகலும் இரவும் மாறி மாறிச் சுட்டுக் குளிர்ந்து, கன்டெய்னர் கூரையிலிருந்து உள்ளேயே மழை பெய்யும். மரப் பலகை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதாக முத்திரை இருக்கிறதா பார். என் உறவுக்காரப் பையன் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனத்தின் சரக்கு முழுதும், முத்திரையில்லாத நாலு பலகைக்காக அந்நியத் துறைமுகத்தில் நின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரைக்கு ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்கு.

உறவினர்களில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கன்டெய்னர் வருமுன் மரப்பெட்டி இறக்கிய நாட்களைக் கமென்ட்டில் எழுதுங்கள். கூலி எவ்வளவு, ஒரு கப்பலுக்கு எத்தனை நாள், எந்தக் கம்பெனிப் பெட்டி ரொம்பக் கனம், நினைவிருப்பதை எழுதினால் போதும்.