களம் முன்னே, மாதிரி பின்னே: எலினோர் ஆஸ்ட்ரமின் ஆய்வுவாழ்வு

இயற்கைவளப் பொருளியலில் ஆய்வாளர் எங்கே தொடங்குகிறார் என்பது, அவர் எதைக் காண முடியும் என்பதைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. 1954இல் ஸ்காட் கார்டன், யாரும் தடையின்றி இறங்கக்கூடிய மீன்பிடிப் பரப்பில் உபரி வருவாய் முழுவதும் போட்டியிலேயே கரைந்துபோகும் என்று நிறுவினார். அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் தடையின்மை என்பது அங்கே எடுகோள். 1968இல் காரெட் ஹார்டின் அத்தகைய எடுகோளைப் பொதுவளங்களின் விதியாகவே பேசியபோது, தங்களுக்குள் வரம்பு வகுத்துக்கொண்ட மக்கள் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள்.

எலினோர் ஆஸ்ட்ரம் வேறு முனையில் தொடங்கினார். பள்ளியில், பெண் என்பதால், முக்கோணவியல் படிக்க அவரை ஊக்குவிக்கவில்லை. பின்னர் அந்தக் கணிதக் குறையே பொருளியல் முனைவர் படிப்புக்குத் தடையானது. அரசியல் அறிவியலில் சேர்ந்தார். இந்தத் தடையை நற்பேறாகச் சித்திரிப்பதை நான் ஏற்கவில்லை, அது அநீதி. அவருக்கு வாய்த்த நற்பேறு, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய ‘வெஸ்ட் பேசின்’ என்னும் நிலத்தடி நீர்ப்படுகை.

அளவுமீறி இறைத்ததால் அங்கே நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போய், கரையோரக் கிணறுகளில் உப்புநீர் புகுந்திருந்தது. ஒருவர் இறைப்பைக் குறைத்தால் மிச்சமாகும் நீரை அடுத்தவர் இறைத்துக்கொள்வார். ஆகவே குறைக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்றே மாதிரி சொல்லும். நடந்தது வேறு. நகராட்சிகளும் நீர் நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் சங்கம் கூட்டின. 1945இல் வழக்குத் தொடுத்து, 1955இல் இடைக்கால உடன்பாடு கண்டு, 1961இல் இறுதித் தீர்ப்பைப் பெற்றன. கரையோரம் நன்னீரை உட்செலுத்தி உப்பைத் தடுக்கும் அரணும் எழுந்தது. 1965இல் முடிந்த அவருடைய முனைவர் ஆய்வேட்டின் பொருள் இதுதான்.

இதைத் தன்னாட்சியின் தூய வெற்றியென்று சொல்லிவிடக் கூடாது. நீதிமன்றமும் நிலவியல் அளவீடுகளும் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட நீரும் இல்லாமல் அந்த உடன்பாடு நின்றிருக்காது. ஆஸ்ட்ரம் இதை அறிந்திருந்தார். 1990இல் வந்த ‘கவர்னிங் த காமன்ஸ்’ நூலில் அவர் வகுத்த எட்டு அமைப்புக் கோட்பாடுகளில், சமூகம் தன் விதிகளைத் தானே வகுக்கும் உரிமைக்கு அரசின் ஏற்பும், பெரிய வளங்களுக்குப் பலநிலை அமைப்புகளும் இடம்பெற்றதற்கு இந்தப் படுகையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

ஆய்வேட்டுக்கும் அந்நூலுக்கும் இடையே 25 ஆண்டுகள். இடைக்காலத்தில் மாநகரக் காவல்துறைச் சேவைகளை ஆராய்ந்தார். 1973இல் கணவர் வின்சென்டுடன் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டறை ஒன்றை நிறுவினார். கணித மாதிரிகளையும் அவர் ஒதுக்கவில்லை. ராய் கார்ட்னர், ஜேம்ஸ் வாக்கர் ஆகியோருடன் ஆட்டக் கோட்பாட்டையும் ஆய்வகச் சோதனைகளையும் கையாண்டார். களத்தில் கண்ட விதிகள் மாதிரிக்குள் போயின என்பதுதான் வேறுபாடு. நேபாளத்தில், அரசு கட்டிய உறுதியான அணைகளைவிட உழவர்கள் தாமே பராமரித்த எளிய வாய்க்கால்கள் கடைமடைக்குச் சீராக நீர் சேர்த்தன என்று அவர் குழு கண்டதும் இந்த வழியில்தான். அணையின் உறுதியை மட்டும் அளக்கும் ஆய்வுக்கு இது புலப்பட்டிருக்காது.

ஆண்டுதோறும் கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தரும் துறையில் இப்படியொரு ஆய்வுவாழ்வு நிலைப்பது கடினம். தரவுத் தொகுப்பைப் பதிவிறக்கிச் சில மாதங்களில் கட்டுரை முடிப்பவரோடு, ஒரே படுகையின் வழக்கேடுகளையும் இறைப்புப் பதிவேடுகளையும் படிப்பவர் எண்ணிக்கையில் போட்டியிட முடியாது. ஆனால் ஒரு விதி நிலைத்ததா என்பதைக் காலம் கடந்து திரும்பிப் போய்ப் பார்ப்பவரே சொல்ல முடியும். ஆஸ்ட்ரமின் மாணவர் வில்லியம் பிளோம்குவிஸ்ட், 1980களில் தென் கலிபோர்னியப் படுகைகளுக்குத் திரும்பிச் சென்று அதைத்தான் ஆராய்ந்தார்.