விரல் சூப்பும் பழக்கமும் பல்வரிசையும்

கைக்குழந்தை விரல் சூப்புவது பிறந்த பிறகு கற்றுக்கொண்ட பழக்கம் அன்று. கருவில் இருக்கும்போதே அது தொடங்கிவிடுவதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. பால் குடிப்பதற்கான உறிஞ்சும் அனிச்சைச் செயலே அதற்கு வேர். வயிறு நிறைந்த பின்னும் சப்புவதில் குழந்தைக்கு அமைதி கிடைக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகின்றன. அதுவரை கவலைக்கு இடமில்லை.

பற்கள் சுவரில் அடித்த ஆணிகள் அல்ல. உள்ளே நாக்கும் வெளியே உதடும் கன்னமும் தரும் அழுத்தங்களுக்கு நடுவில் அவை நிலைகொள்கின்றன. கட்டைவிரல் புகுந்ததும் இந்தச் சமநிலை குலைகிறது. மேல் முன்பற்கள் வெளியே தள்ளப்படுகின்றன; கீழ் முன்பற்கள் உள்ளே சாய்கின்றன. நாக்கு அண்ணத்தை விட்டுக் கீழே இறங்கிவிட, உறிஞ்சும் கன்னத் தசை மேல் கடைவாய்ப் பற்களை எதிர்ப்பின்றி உள்நோக்கி அழுத்துகிறது. மேல்தாடை குறுகி, அண்ணம் குழிந்து உயர்கிறது. இதில் பலத்தைவிட நேரமே பெரிது. அவ்வப்போது பலமாகச் சப்பும் குழந்தையைவிட, இரவெல்லாம் விரலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கே பல் அதிகம் நகர்கிறது.

விளைவு எத்துப்பல்லாகவோ, பின்பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் சந்திக்காத திறந்த கடியாகவோ அமையும். திறந்த கடி உள்ள குழந்தைக்கு முன்பல்லால் தோசையைக் கடித்துத் துண்டாக்க வராது. கடைவாய்க்குத் தள்ளித்தான் கடிக்கும். விழுங்கும்போது நாக்கின் நுனி அந்த இடைவெளியை அடைக்கும். சகர ஒலி குழறலாம். விரலும் சாட்சி சொல்லும்: சூப்பும் கட்டைவிரல் மட்டும் வெளுத்து, முட்டியில் காய்ப்பு விழுந்திருக்கும்.

ரப்பர் சூப்பானும் இதே கேட்டைச் செய்கிறது. மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக விழும் குறுக்குக்கடி அதனால் ஏற்படுவதுண்டு. ஆனால் சூப்பானை எடுத்து ஒளித்துவைக்கலாம், விரலை முடியாது. தாய்ப்பாலை நீண்ட காலம் குடித்த குழந்தைகளிடம் இக்கோளாறுகள் குறைவாகவே காணப்படுகின்றன.

நிலையான முன்பற்கள் முளைக்கும் 6 வயதுக்கு முன்பே பழக்கம் நின்றால் திறந்த கடி பெரும்பாலும் தானே சரியாகும். குறுக்குக்கடி அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. விரலில் வேப்பெண்ணெய் தடவுவது பல வீடுகளில் உள்ள வழக்கம். குழந்தையே விட விரும்பினால் அது நினைவூட்டலாக உதவலாம். தண்டனையாகத் தடவினாலும், திட்டினாலும், அடித்தாலும் பதற்றமே கூடும், விரல் மறுபடி வாய்க்குத்தான் போகும். சூப்பாத நாளைப் பாராட்டுவதும், தூங்கும்போது கையுறை மாட்டுவதும் நல்ல வழிகள். அதற்கும் அடங்காதபோது பல் மருத்துவர் அண்ணத்தில் கம்பித் தடுப்பு பொருத்துவார். பழக்கம் நின்ற பிறகும் சில மாதங்கள் அது வாயிலேயே இருக்கும்.