ஸ்கொத்லாந்தின் இனிப்புகளும் சீனியின் வரலாறும்

ஒரு மக்கட் கூட்டத்தின் உணவு வழக்கங்கள் அக்கூட்டத்தின் பொருளாதார வரலாற்றைத் தம்முள் அடக்கியுள்ளன. அவற்றுள்ளும் இனிப்புப் பண்டங்கள் இளமை நினைவோடு பிணைந்தவையாதலின், அவற்றின் வரலாறு பெரும்பாலும் ஏக்கமாகவே எஞ்சிவிடுகின்றது. ஸ்கொத்லாந்து மக்கள் தம் பழைய இனிப்புகள்பாற் கொண்டுள்ள பற்று இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். பாட்டியின் அடுக்களையிற் காய்ச்சப்பட்ட பண்டங்களை அவர்கள் தம் நாட்டின் தொன்மரபாகப் போற்றுகின்றனர். அத்தொன்மை எத்தகையது என்பது ஆராயத்தக்கது.

இவ்வினிப்புகளுள் முதலிடம் பெறுவது 'ரப்லற்' என்பதாகும். சீனி, வெண்ணெய், பால் ஆகிய மூன்றுமே அதன் மூலப் பொருள்கள். இவை ஏறத்தாழ 115 பாகை செல்சியஸ் வரை காய்ச்சப்படும். குளிர்ந்த நீரில் விட்ட துளி மென்மையான உருண்டையாகத் திரளுமாயின் பதம் வந்துவிட்டதென்பர். பின்னர் அடுப்பிலிருந்து இறக்கி, மரக் கரண்டியால் விடாது அடித்தல் வேண்டும். அவ்வாறு அடிக்கையிற் சீனி நுண்ணிய மணிகளாக உறைகின்றது. அடித்தல் குறையிற் பாகு செவ்வனே உறையாது. மிகின் தட்டில் ஊற்றுமுன்னரே பாத்திரத்திற் கட்டிபட்டுவிடும். இப்பக்குவம் ஏட்டினால் மட்டும் வருவதன்று. தாயின் அருகே நின்று கண்டறியப்படுவது. வீட்டில் இனிப்புச் செய்தல் தலைமுறைகளைப் பிணைக்கும் செயலாக நினைவுகூரப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

எனினும், இப்பண்டம் தொடக்கத்தில் எளியோர் வீட்டுக்குரியதாக இருக்கவில்லை. கிறிசல் பெயிலி சீமாட்டி 1692 முதல் 1733 வரை எழுதிவைத்த வீட்டுக் கணக்கேட்டிற் பிள்ளைகளுக்கான ரப்லற் குறிக்கப்பட்டுள்ளது. அக்காலத்திற் சீனி விலையுயர்ந்த பொருளாதலின், செல்வர் இல்லமொன்றின் ஏட்டிலே இச்செய்தி காணப்படுவது வியப்பன்று.

கிளாஸ்கோ நகரில் முதலாவது சீனி ஆலை 1667இல் நிறுவப்பெற்றது. 1707இல் ஸ்கொத்லாந்து இங்கிலாந்துடன் இணைந்தமையால், ஆங்கிலக் குடியேற்றங்களின் வாணிகம் ஸ்கொத்லாந்து வணிகருக்குத் தடையின்றித் திறந்துவிடப்பட்டது. 1765இல் கிளைட் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள கிறீனொக் துறைமுகத்திற் சீனி சுத்திகரிப்புத் தொடங்கி, அந்நகர் காலப்போக்கிற் சீனியாற் பெயர் பெற்றது.

இச்சீனி மேற்கிந்திய தீவுகளில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. யமேக்கா முதலிய தீவுகளில் ஸ்கொத்லாந்தர் பலர் தோட்ட உரிமையாளராகவும் மேற்பார்வையாளராகவும் விளங்கினர். 1807இல் கிளாஸ்கோ வணிகர் தம் நலன் காக்கச் சங்கமொன்றையும் அமைத்தனர். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. அது உரிமையாளருக்கே சென்றது. உழைத்தவருக்கு எதுவும் கிட்டவில்லை. லீத் துறைமுகத்திற் பிறந்த ஜோன் கிளாட்ஸ்ரன் போன்ற தோட்ட உரிமையாளர் 1838இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைப் பிரித்தானிய கயானாவுக்கு வருவித்தனர். பிற்பட்ட ஆண்டுகளிற் சென்னையிலிருந்து கப்பலேறியோருள் தமிழரும் இருந்தனர்.

1874இற் பிரித்தானியாவிற் சீனி வரி நீக்கப்பட்டது. சீனி மலிந்தமையாலேயே இனிப்புச் செய்தல் தொழிலாளர் இல்லங்களிலும் பரவிற்று. தகரத்திலடைத்த கட்டிப்பால் கடைகளுக்கு வந்தபின், ரப்லற்றிற் பாலின் இடத்தை அதுவே பெரிதும் பற்றிக்கொண்டது. இன்று 'பாட்டியின் முறை' எனப்படுவது பெரும்பாலும் இத்தகரப் பாலின் வருகைக்குப் பிற்பட்டதேயாகும். மசித்த உருளைக்கிழங்கிற் சீனித் தூள் சேர்த்துப் பிசைந்து செய்யப்படும் மக்கரூன் இனிப்பும் எளியோரின் சிக்கனத்தை உணர்த்துவதாம்.

ஊர்தோறும் தனித்தனி இனிப்புகள் பெயர் பெற்றன. ஹோயிக் நகரின் உருண்டைகளும் மொஃபற் நகரின் ரொபியும் அத்தகையன. கலாஷீல்ஸ் நகரில் நெசவாளராயிருந்த றொபேட் கோல்ராட் என்பார் தாம் செய்த இனிப்பைச் சந்தைகளில் விற்பதற்குப் பாட்டொன்று புனைந்தார். இனிப்பின் செய்முறை மறைந்தொழிந்தது. பாட்டு மட்டும் தாலாட்டாக நிலைத்துள்ளது.

செய்முறைகள் மறைந்துவிடுமென்ற அச்சமும் எழுத்து முயற்சிகளைத் தூண்டிற்று. 1929இல் மரியன் மக்னீல் அம்மையார் வெளியிட்ட ஸ்கொத்லாந்துச் சமையல் நூல் அவற்றுட் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 யூலையில் இனிப்புகள் பங்கீட்டுக்குள்ளாயின. 1949இற் சில மாதங்கள் நீக்கப்பட்ட அக்கட்டுப்பாடு மீண்டும் விதிக்கப்பட்டு, 1953 பெப்ரவரியிலேயே முற்றாக நீங்கிற்று. சீனிப் பங்கீடும் அவ்வாண்டு செப்ரெம்பர் வரை நீடித்தது. அக்காலச் சிறாருக்கு ஒரு துண்டு இனிப்பும் பெரும் பேறாயிற்று. அவர்தம் நினைவுகளிற் காணப்படும் ஏக்கத்தின் ஆழத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

கிறீனொக்கின் இறுதிச் சீனி ஆலை 1997இல் மூடப்பட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அடிமை முறையின் வழிவந்த செல்வத்தால் தான் பெற்ற நன்மையை 2018இல் ஆய்வறிக்கையொன்றின் வாயிலாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டில் மேற்கிந்திய தீவுகள் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பரிகார முயற்சிகளிலும் ஈடுபட்டது. அடுக்களை நினைவு இன்னும் அத்துணைத் தூரம் செல்லவில்லை.

பாட்டியின் மரக் கரண்டியை நினைந்து ஏங்குவது குற்றமன்று. அவ்வன்பு மெய்யானது. ஆயின் அக்கரண்டி கிளறிய சீனி எவர் கைகளால் விளைந்தது என்பதையும் சேர்த்து நினைக்கும்போதே, நினைவு வரலாறாகும் தகுதியைப் பெறுகின்றது.